நிஸ்டாக்மஸ் (விழி தானாக ஆடுவது) என்று எழுதியிருந்தாலே எச்55.00 என்ற ஐசிடி-10-சிஎம் நோய்க் கோட் போடலாமா? பிபிபிவி (தலையின் நிலை மாறினால் வரும் தலைசுற்றல்) சார்ட்டில் ஆடிட்டர் அதை எடுத்துவிட்டார்

இரவுஷிப்ட்_திருச்சி:
எமர்ஜென்சி ப்ரோ-ஃபீ (டாக்டரின் கட்டணத்துக்கான பில்) சார்ட். 58 வயதுப் பெண்மணி, படுக்கையில் வலது பக்கம் புரண்டால் தலை சுற்றுகிறது, குமட்டுகிறது, எழுந்து உட்கார்ந்தால் கொஞ்ச நேரத்தில் அடங்கிவிடுகிறது. டாக்டர் டிக்ஸ்-ஹால்பைக் (தலையைத் திருப்பிச் சட்டென்று படுக்க வைத்து விழியைப் பார்க்கும் டெஸ்ட்) செய்து பார்த்திருக்கிறார். வலது பக்கம் பாசிட்டிவ், மேல்நோக்கித் துடித்துச் சுழலும் நிஸ்டாக்மஸ், ஒரு நிமிடத்துக்குள் நின்றுவிட்டது என்று எக்ஸாமில் தெளிவாக எழுதியிருக்கிறார். அசெஸ்மென்டில் (டாக்டரின் முடிவில்) மூன்று வரி: பிபிபிவி வலது காது, டிசினஸ் (தலைசுற்றல்), நிஸ்டாக்மஸ். இஎச்ஆர் (மின்னணுப் பதிவு மென்பொருள்) தானாகவே முறையே எச்81.11, ஆர்42, எச்55.00 என்று மூன்றையும் இழுத்து வைத்திருந்தது. ஆர்42-க்குக் கீழே எச்81 எக்ஸ்க்ளூட்ஸ்1-இல் (சேர்த்துப் போடக் கூடாதவை பட்டியலில்) இருப்பதால் அதை எடுத்துவிட்டு மற்ற இரண்டையும் அனுப்பினேன். இப்போது எச்55.00-உம் கூடாது என்று எரர் போட்டிருக்கிறார்கள். எச்55-க்குக் கீழே எச்81-ஐத் தடுக்கும் எக்ஸ்க்ளூட்ஸ் எதுவுமே இல்லையே, டாக்டரே டயக்னோசிஸாக எழுதியிருக்கிறாரே, பிறகு எப்படி எரர்? ரிபட்டல் (மறுப்பு) போட இரண்டு நாள் அவகாசம் இருக்கிறது. போடலாமா?

புது_சிபிசி:
கட்டாயம் போடுங்கள் ப்ரோ. எக்ஸ்க்ளூட்ஸ் இல்லை என்றால் கோட் பண்ணலாம் என்றுதான் எங்களுக்கு ட்ரெயினிங்கில் சொன்னார்கள்.

தணிக்கை_அக்கா:
எக்ஸ்க்ளூட்ஸ் இல்லை என்பது அனுமதிச் சீட்டு இல்லை தம்பி. அது ஒரு தடை இல்லை, அவ்வளவுதான். முதலில் கோட் புத்தகத்தின் இன்டெக்ஸைத் திறந்து நிஸ்டாக்மஸ் என்ற சொல்லுக்குக் கீழே என்ன இருக்கிறது என்று பாருங்கள். பினைன் பராக்ஸிஸ்மல் (பிபிபிவி-யின் முதல் இரண்டு சொற்கள்) என்ற வரி இருக்கும், அதற்கு நேராக எச்55 எதுவும் இருக்காது, வெர்டிகோ (தலைசுற்றல்), பினைன் பராக்ஸிஸ்மல் என்ற இடத்துக்குப் போ என்று அனுப்பும். அதாவது இந்த நிஸ்டாக்மஸை எங்கே வைக்க வேண்டும் என்று புத்தகமே முடிவு செய்துவிட்டது, அது எச்81.1 தொடர். திரும்ப எச்55.00 போட்டால் ஒரே விஷயத்தை இரண்டு தடவை சொல்வதாகும்.

இரண்டாவது, கைட்லைன் பிரிவு 1.பி.5. ஒரு நோயோடு வழக்கமாக வரும் அறிகுறிகளைத் தனியாகக் கோட் செய்யக் கூடாது. டிக்ஸ்-ஹால்பைக் பாசிட்டிவ் என்று அந்த டாக்டர் எதைப் பார்த்துச் சொன்னார்? கண் ஆடியதைப் பார்த்துத்தான். நிஸ்டாக்மஸ் இல்லாமல் அந்த டெஸ்ட்டே பாசிட்டிவ் ஆகாது. இதைவிட "வழக்கமாக வரும்" அறிகுறி வேறு என்ன வேண்டும்?

இரவுஷிப்ட்_திருச்சி:
அக்கா, அந்த 1.பி.5 அறிகுறிகளுக்கான ஆர் சாப்டருக்குத்தானே? எச்55 கண் சாப்டரில் இருக்கிறது, அது அறிகுறி கோட் இல்லை, நோய் கோட் என்று வாதாட முடியாதா?

தணிக்கை_அக்கா:
வாதாடலாம், நிற்காது. 1.பி.5 சாப்டர் எண்ணைச் சொல்லவே இல்லை. அறிகுறிகள் என்று பொதுவாகத்தான் சொல்கிறது. ஆர் சாப்டரில் பல அறிகுறிகள் இருக்கின்றன, எல்லாமே இல்லை என்று 1.பி.4-இலேயே எழுதியிருக்கிறார்கள். அடுத்தவர் கேட்பதற்குள் நானே சொல்லிவிடுகிறேன், ஒரே கோட் சில சார்ட்டில் நோயாகவும் சில சார்ட்டில் வெறும் அறிகுறியாகவும் நிற்கும், எச்55 அதில் முதல் வரிசை.

பழைய_379:
ஐசிடி-9 (இதற்கு முந்தைய கோட் தொகுப்பு) காலத்து ஆள் நான், பெயரைப் பார்த்தாலே தெரியும். 379.50-இலிருந்து 379.59 வரை கண் அசைவுக்கு ஒரு முழு வரிசை இருந்தது. அதில் 379.54 என்று ஒன்று, காதின் சமநிலைக் கோளாறோடு சேர்ந்து வரும் நிஸ்டாக்மஸுக்கென்றே. 2015 அக்டோபர் 1-இல் ஐசிடி-10-சிஎம் வந்தபோது எச்55.0-க்குக் கீழே அதற்கு இடம் கொடுக்கவில்லை. என் பார்வையில் அது தற்செயல் இல்லை. காதுக் கோளாறால் கண் ஆடினால் காது சாப்டருக்குப் போ என்பதுதான் மொத்த அமைப்பின் போக்கு. எச்81.4-ஐப் பாருங்கள், மூளைவழி வெர்டிகோ, அதற்குள்ளேயே சென்ட்ரல் பொசிஷனல் நிஸ்டாக்மஸ் என்று இன்க்லூஷன் (இதுவும் இதில் அடங்கும் என்ற குறிப்பு) எழுதி வைத்திருக்கிறார்கள். நிஸ்டாக்மஸ் என்ற சொல்லைப் பார்த்ததும் எச்55-க்கு ஓடுகிறவர்கள் இதைத் தவறவிடுவார்கள்.

அப்புறம் புதுசாக வந்தவர்களுக்கு எச்55.0 குடும்பம் மொத்தமும் இவ்வளவுதான்: 00 வகை சொல்லாதது, 01 பிறவி, 02 லேட்டன்ட், 03 பார்வை இழப்பால் வருவது, 04 டிஸ்ஸோசியேட்டட் (இரு கண்ணும் வெவ்வேறாக ஆடுவது), 09 மற்றவை. வலது இடது கிடையாது. மேல்நோக்கி, கீழ்நோக்கி, சீ-சா (ஒரு கண் ஏற மறு கண் இறங்குவது), கேஸ்-எவோக்ட் (பக்கவாட்டில் பார்க்கும்போது வருவது) எல்லாம் அந்த 09 என்ற ஒரே பைக்குள். இன்டெக்ஸில் சுரங்கத் தொழிலாளர் நிஸ்டாக்மஸ் என்று ஒரு வரி இன்னும் உயிரோடு இருக்கிறது, அதுவும் 09-க்குத்தான் போகும். பிரிட்டனில் நிலக்கரிச் சுரங்கத்தின் மங்கிய விளக்கில் வேலை செய்தவர்களுக்கு வந்தது, 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் நஷ்டஈடு கிடைத்த தொழில் நோய். எந்த சார்ட்டிலும் பார்த்ததில்லை, இருந்தாலும் அந்த வரியைப் பார்க்கும்போதெல்லாம் ஒரு சந்தோஷம்.

கண்_டாக்டர்:
கோடர் இல்லை, நரம்பியல் சார்ந்த கண் மருத்துவம் பார்க்கிறேன். மேலே சொன்ன அந்த ஒரே பை விஷயம் எங்களுக்குப் பெரிய குறை. கீழ்நோக்கித் துடிக்கும் நிஸ்டாக்மஸ் என்றால் மண்டையோடும் கழுத்தும் சேரும் இடத்தை உடனே ஸ்கேன் செய்து பார்க்கிறோம், கியாரி (சிறுமூளையின் அடிப்பகுதி கழுத்துப் பக்கம் இறங்குவது) இருக்கிறதா, சிறுமூளையில் என்ன என்று. ஒரு பக்கமாக மட்டும் துடித்தால் காது நரம்பு, பார்க்கும் திசைக்கு ஏற்பத் துடிப்பின் திசையும் மாறினால் மூளை என்று படுக்கையருகே முடிவெடுக்கிறோம். உங்கள் கோடில் இரண்டும் ஒன்று.

தணிக்கை_அக்கா:
டாக்டர் சொல்வது நூற்றுக்கு நூறு சரி, அதனால்தான் 09-ஐத் தனியாக விடாமல் காரணத்தைத் தேடிப் பிடிக்க வேண்டும். கியாரி டைப் 1 என்றால் ஜி93.5. க்யூ07 என்ற பிறவிக் கோளாறுத் தொடருக்கு ஓடாதீர்கள், ஜி93.5-க்குக் கீழே ஆர்னால்ட்-கியாரி டைப் 1 என்று பெயரோடு இன்க்லூஷன் இருக்கிறது. டாக்டர் இரண்டையும் தொடர்புபடுத்தி எழுதியிருந்தால் ஜி93.5 முதலில், எச்55.09 பின்னால். இங்கே நிஸ்டாக்மஸைத் தனியாகப் போடுவதில் எனக்கு ஆட்சேபம் இல்லை, ஏனென்றால் கியாரி உள்ள எல்லோருக்கும் கண் ஆடுவதில்லை. 1.பி.6 அதைத்தான் சொல்கிறது, வழக்கமாக வராத அறிகுறி இருந்தால் போடு என்று.

இரவுஷிப்ட்_திருச்சி:
அப்படியானால் கண்ணையே மூடிக்கொண்டு எடுக்கவும் முடியாது, போடவும் முடியாது. சரி, இதைச் சொல்லுங்கள். அதே வாரத்தில் வந்த இன்னொரு சார்ட். 66 வயது, சர்க்கரை, பிபி, மூன்று மணி நேரமாகத் தலைசுற்றல் நிற்கவில்லை. எக்ஸாமில் கேஸ்-எவோக்ட் நிஸ்டாக்மஸ், திசை மாறுகிறது, ஹெட் இம்பல்ஸ் (தலையைச் சட்டென்று திருப்பி விழியைப் பார்க்கும் டெஸ்ட்) நார்மல். இம்ப்ரெஷன்: வெர்டிகோ, கேஸ்-எவோக்ட் நிஸ்டாக்மஸ், ரூல் அவுட் போஸ்டீரியர் ஸ்ட்ரோக் (மூளையின் பின்பகுதி ஸ்ட்ரோக்கா என்று பார்க்க வேண்டும்). அட்மிட் செய்துவிட்டார்கள். எமர்ஜென்சி டாக்டரின் பில் என்னிடம்.

கண்_டாக்டர்:
இது ஹின்ட்ஸ். ஹெட் இம்பல்ஸ், நிஸ்டாக்மஸ், ஸ்க்யூ (இரு கண்ணும் மேல் கீழாக விலகுவது) மூன்றும் சேர்ந்தது, 2009-இல் ஸ்ட்ரோக் பத்திரிகையில் வந்த கட்டுரைக்குப் பிறகு பரவலானது. தொடர்ந்து சுற்றிக்கொண்டே இருக்கும் நோயாளிக்கு மட்டும்தான் இதைச் செய்ய வேண்டும், புரண்டால் மட்டும் சுற்றுகிறது என்பவருக்கு டிக்ஸ்-ஹால்பைக். பலரும் இரண்டையும் எல்லோருக்கும் செய்துவிட்டு எழுதுகிறார்கள், அப்புறம் நீங்கள் தலையைப் பிய்த்துக்கொள்கிறீர்கள். ஹெட் இம்பல்ஸ் நார்மலாக இருப்பதுதான் இங்கே கெட்ட செய்தி, காது நரம்பு நன்றாக இருந்தால் மூளையைத்தான் சந்தேகிக்க வேண்டும், நார்மல் என்ற சொல்லைப் பார்த்து ஏமாற வேண்டாம்.

தணிக்கை_அக்கா:
ப்ரோ-ஃபீ என்றால் அவுட்பேஷன்ட் விதி, பிரிவு 4.எச். ரூல் அவுட், ப்ராபபிள், சஸ்பெக்டட் எதையும் இருப்பதாகக் கோட் செய்யக் கூடாது, ஆகவே ஐ63 (ஸ்ட்ரோக்) தொட முடியாது. ஆர்42, எச்55.09. இங்கே பாருங்கள், பிபிபிவி சார்ட்டில் நான் வெட்டச் சொன்ன அதே நிஸ்டாக்மஸ் இங்கே முக்கியமான கோட் ஆகிவிட்டது, ஏனென்றால் அதை விழுங்குவதற்கு உறுதியான டயக்னோசிஸ் எதுவும் இல்லை. கேஸ்-எவோக்ட் என்று வகை எழுதியிருப்பதால் 00 போடாதீர்கள். அதே நோயாளியின் இன்பேஷன்ட் டிஸ்சார்ஜில் ப்ராபபிள் சிறுமூளை இன்ஃபார்க்ட் (ரத்தம் தடைப்பட்ட பாதிப்பு) என்று முடித்திருந்தால் ஆஸ்பத்திரி பில்லில் அது ஸ்ட்ரோக்காகவே போகும், அங்கே விதி வேறு. ஒரே ஆள், ஒரே ராத்திரி, இரண்டு பில்லில் இரண்டு கதை. க்ளையன்ட் கேட்டால் பதறாமல் இதைச் சொல்லுங்கள்.

ஜெனா_நியூரோ:
நான் நியூராலஜி ஸ்பெஷாலிட்டி பார்க்கிறேன், எனக்கு வலிப்பு மாத்திரை சார்ட்தான் தலைவலி. ஃபெனிடாயின் சாப்பிடுகிறவர், ரத்த அளவு 28 வந்திருக்கிறது (10 முதல் 20 வரை இருக்க வேண்டியது), கண் ஆடுகிறது, நடக்கத் தள்ளாடுகிறார். டாக்டர் எழுதியது ஃபெனிடாயின் டாக்ஸிசிட்டி என்று மட்டும். டாக்ஸிசிட்டி என்ற சொல்லைப் பார்த்ததும் எங்கள் டீமில் பாதிப் பேர் பாய்சனிங் (மருந்தைத் தவறாகச் சாப்பிட்டதற்கான கோட்) போடுகிறார்கள்.

பழைய_379:
டாக்ஸிசிட்டி என்ற சொல் எதையும் முடிவு செய்யாது. எப்படிச் சாப்பிட்டார் என்பதுதான் கேள்வி. டாக்டர் சொன்னபடியே சாப்பிட்டு அளவு ஏறியிருந்தால் அட்வர்ஸ் எஃபெக்ட் (பக்கவிளைவு): முதலில் என்ன ஆனதோ அது, வகை எழுதியிருந்தால் எச்55.09, தள்ளாட்டத்துக்கு ஆர்27.0, அதற்குப் பிறகு டி42.0எக்ஸ்5ஏ. மறந்துபோய் இரண்டு வேளை மாத்திரையை ஒன்றாக விழுங்கியிருந்தால் பாய்சனிங், டி42.0எக்ஸ்1ஏ முதலில், மற்றவை பின்னால். வரிசையே தலைகீழாகிவிடும். நடுவில் ஒரு பொறி இருக்கிறது: சரியாகத்தான் சாப்பிட்டார், ஆனால் கடையில் தானாக வாங்கிய வேறு மருந்தோடு சேர்ந்து வினையாகிவிட்டது என்றால் அதுவும் பாய்சனிங்தான். ஆகவே நர்ஸ் நோட்டில் மருந்து வரலாற்றை விடாமல் படியுங்கள். வலிப்புக்கு ஜி40-ஐயும் விட்டுவிடாதீர்கள்.

புது_சிபிசி:
அண்ணா இங்கே நிஸ்டாக்மஸ் ஃபெனிடாயின் டாக்ஸிசிட்டியில் வழக்கமாக வருவதுதானே, அக்கா சொன்ன 1.பி.5-படி எடுத்துவிட வேண்டாமா?

பழைய_379:
நல்ல கேள்வி. அட்வர்ஸ் எஃபெக்டில் டி கோட் நோயின் பெயர் இல்லை, மருந்தின் பெயர். அதைத் தனியாக முதலில் வைக்கவே முடியாது. மருந்தால் என்ன ஆனது என்று சொல்ல வேறு கோட் வேண்டும், அந்த வேலையை எச்55-உம் ஆர்27-உம் செய்கின்றன. எடுத்துவிட்டால் க்ளைமில் எதுவும் மிஞ்சாது.

கோவை_ஆப்தால்:
கண் ஆஸ்பத்திரி க்ளையன்ட் பார்க்கிறவர்களுக்கு மூன்று விஷயம் கேட்கிறேன். ஒன்று, 34 வயது ஆளுக்குப் பிறவி நிஸ்டாக்மஸ் என்று எச்55.01 போட்டால் எங்கள் டூல் வயதைப் பார்த்து எச்சரிக்கிறது. இரண்டு, ஐஎன்ஓ-வோடு (ஒரு கண் மூக்குப் பக்கம் வராத கோளாறு) டிஸ்ஸோசியேட்டட் நிஸ்டாக்மஸ். மூன்று, கண் துடிப்பு என்று வருகிறவர்கள்.

தணிக்கை_அக்கா:
மூன்றாவதை முதலில் முடித்துவிடலாம். இமை துடிப்பது எச்55-க்குச் சம்பந்தமே இல்லை. எச்55 என்றால் விழி ஆட வேண்டும். இமை தானாக இறுக மூடிக்கொண்டால் பிளெஃபரோஸ்பாசம் ஜி24.5, முகத்தின் ஒரு பாதியே இழுத்தால் ஜி51.3 தொடர், அதற்கு வலது இடது உண்டு.

முதலாவதற்கு, வயது ஒரு பொருட்டே இல்லை. பிறவிக் கோளாறு ஆயுள் முழுக்க இருக்கும், இருக்கும்வரை கோட் செய்யலாம். டூல் எச்சரித்தால் காரணம் எழுதிக் கடந்து போங்கள். அல்பினிசம் (நிறமிக் குறைபாடு) இருக்கிறதா என்று மட்டும் சார்ட்டில் பாருங்கள், இருந்தால் இ70.3 தொடரும் வேண்டும், அதில் கண் மட்டுமா, தோலும் கண்ணுமா என்று பிரிவு உண்டு.

கண்_டாக்டர்:
பிறவி என்ற பெயர் இருந்தாலும் பெரும்பாலும் பிறந்த அன்றே தெரியாது, இரண்டு மூன்று மாதத்தில்தான் அம்மா கவனிப்பார். அதனால் நாங்கள் இப்போது இன்ஃபன்டைல் நிஸ்டாக்மஸ் சிண்ட்ரோம் என்று எழுதுகிறோம். லேட்டன்ட் வேறு, ஒரு கண்ணை மூடினால்தான் அது வெளிப்படும், கூடவே மாறுகண் இருக்கும். பிறந்தபோதே அடர்த்தியான கண்புரை இருந்து பார்வை வளராமல் ஆடுவது உங்கள் 03.

இரண்டாவது கேள்விக்கு வருகிறேன். வலது ஐஎன்ஓ என்றால் வலது கண் மூக்குப் பக்கம் வராது. நோயாளியை இடது பக்கம் பார்க்கச் சொன்னால் வலது கண் நடுவிலேயே நின்றுவிடும், இடது கண் வெளிப்பக்கம் போய்த் துடிக்கும். ஆடுகிற கண் இடது, கோளாறு வலது. இதை ரெசிடென்ட்டுகளே குழப்புவார்கள்.

தணிக்கை_அக்கா:
இதைக் கொட்டை எழுத்தில் எழுதி ஒட்ட வேண்டும். எச்51.21 வலது, எச்51.22 இடது, எச்51.23 இரண்டும். இடது கண்ணில் நிஸ்டாக்மஸ் என்று படித்துவிட்டு இடது ஐஎன்ஓ போட்ட சார்ட்டுகளை நிறையப் பார்க்கிறேன். டாக்டர் எந்தப் பக்கம் என்று எழுதினாரோ அதுதான், நாம் கண்ணைப் பார்த்துக் கணிக்கக் கூடாது.

கோவை_ஆப்தால்:
சரி, அதோடு எச்55.04 சேர்க்கலாமா? எச்49 முதல் எச்52 வரை உள்ள பிளாக்கின் தலையில் எச்55 எக்ஸ்க்ளூட்ஸ்2-வாக இருக்கிறது.

தணிக்கை_அக்கா:
எக்ஸ்க்ளூட்ஸ்2 என்றால் இரண்டும் இருந்தால் இரண்டையும் போடலாம். ஆனால் ஐஎன்ஓ-வில் வெளிப்போகும் கண் துடிப்பது அந்த நோயின் பாகம், டாக்டரும் அப்படித்தான் சொல்கிறார். நான் எச்55.04 சேர்க்க மாட்டேன்.

பழைய_379:
நான் சேர்ப்பேன். புத்தகம் வேலை மெனக்கெட்டு எக்ஸ்க்ளூட்ஸ்2 என்று எழுதியிருக்கிறது, டாக்டர் அசெஸ்மென்டில் தனி வரியாக எழுதி அதற்குத் தனியாகச் சிகிச்சை யோசித்திருந்தால் அதை மறைக்க நமக்கு அதிகாரம் இல்லை. வெறும் எக்ஸாமில் மட்டும் இருந்தால் நானும் விட்டுவிடுவேன். இந்த ஒன்றில் அக்காவுக்கும் எனக்கும் ஒத்துப்போகாது, க்ளையன்டின் கோடிங் பாலிசியில் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். காரணம் மல்டிபிள் ஸ்க்லரோசிஸ் (நரம்பு உறை சிதையும் நோய்) என்றால் ஒன்று கவனியுங்கள், 2025 அக்டோபர் 1 முதல் வெறும் ஜி35 செல்லாது. ரிலாப்சிங்-ரிமிட்டிங் (வந்து வந்து அடங்கும் வகை) என்றால் ஜி35.ஏ, மற்ற வகைகளுக்கு பி, சி, வகை சொல்லாவிட்டால் டி. பழைய ஃபேவரிட் லிஸ்டிலிருந்து எடுத்தால் ரிஜெக்ட் ஆகிவரும்.

புது_சிபிசி:
ஆப்டோமெட்ரி சார்ட்டில் கன்கஷனுக்கு (தலையில் அடிபட்ட அதிர்ச்சி) பிறகு சாக்கேட் (விழி ஒரு புள்ளியிலிருந்து இன்னொன்றுக்குத் தாவுவது), பர்ஸ்யூட் (நகரும் பொருளை விழி தொடர்வது) சரியில்லை என்று வருகிறதே, அதற்கும் எச்55-தானா?

பழைய_379:
ஆமாம், எச்55.8 குடும்பம். சாக்கேட் குறைபாடு எச்55.81, ஸ்மூத் பர்ஸ்யூட் குறைபாடு எச்55.82. இதில் ஒரு வேடிக்கை உண்டு. ஐசிடி-9-இல் இரண்டுக்கும் தனித்தனி இடம் இருந்தது, 379.57, 379.58. பத்துக்கு வந்தபோது பர்ஸ்யூட் காணாமல் போனது, சாக்கேட் கோடின் தலைப்பிலும் குறைபாடு என்ற சொல் விழுந்துவிட்டது. சாக்கேட் எல்லோருக்கும் இருக்கும் சாதாரணக் கண் அசைவு, இதைப் படிக்கும்போதே உங்கள் கண் அதைத்தான் செய்கிறது. 2020 அக்டோபர் 1-இல்தான் தலைப்பைத் திருத்தி 82-ஐயும் சேர்த்தார்கள். அதற்கு முந்தைய சேவைத் தேதி உள்ள சார்ட் கைக்கு வந்தால் 82 போடாதீர்கள்.

எம்ஆர்டி_மதுரை:
நாங்கள் இங்கே உள்ளூர் ஆஸ்பத்திரி ரெக்கார்டு பிரிவு. எங்கள் புத்தகத்தில் எச்55 என்று மூன்று எழுத்தோடு நின்றுவிடுகிறது, இந்த 00, 01 எல்லாம் இல்லையே?

தணிக்கை_அக்கா:
உங்களுடையது உலக சுகாதார நிறுவனத்தின் ஐசிடி-10, அதில் எச்55 பிரியாது. எச்55 என்று எழுதினால் முடிந்தது. நாங்கள் பேசுவது அமெரிக்க க்ளினிக்கல் மாடிஃபிகேஷன்.

இரவுஷிப்ட்_திருச்சி:
ரிபட்டல் போடப்போவதில்லை, இன்டெக்ஸ் வரி தெளிவாக இருக்கிறது. ஆனால் இன்னொரு சார்ட் பென்டிங்கில் நிற்கிறது. எக்ஸாமில் "நிஸ்டாக்மஸ் +" என்று மட்டும், அசெஸ்மென்டில் வெர்டிகோ என்று மட்டும். வேறு ஒன்றுமே இல்லை. எச்55.00 சேர்க்கட்டுமா, டாக்டருக்குக் கொயரி (விளக்கம் கேட்கும் குறிப்பு) அனுப்பட்டுமா?

புது_சிபிசி:
பெரிஃபெரல் (காது சார்ந்த) வெர்டிகோவால் வந்த நிஸ்டாக்மஸ் என்று எடுத்துக்கொள்ளலாமா என்று டாக்டரிடமே கேட்டுவிடுங்கள்.

தணிக்கை_அக்கா:
அது லீடிங் கொயரி தம்பி, விடையைக் கேள்விக்குள் வைத்துக் கொடுப்பது. அஹிமா (அமெரிக்க மருத்துவப் பதிவு நிபுணர் சங்கம்) சொல்லும் முறைக்கு நேர் எதிர். டாக்டர் ஆமாம் என்று தட்டிவிட்டுப் போவார், ஆடிட்டில் நீங்கள் நிற்பீர்கள். எச்55.00-ஐயும் சேர்க்காதீர்கள், எக்ஸாமில் ஒரு ப்ளஸ் குறி டயக்னோசிஸ் ஆகாது.

கண்_டாக்டர்:
கடைக்கோடியைப் பார்க்கச் சொன்னால் நல்ல கண்ணே இரண்டு துடிப்புத் துடிக்கும், அதையும் ப்ளஸ் என்று எழுதும் ஜூனியர்கள் உண்டு. கேளுங்கள், கேட்பதில் தப்பில்லை. சுருக்கமாக இருந்தால் பதில் சொல்வோம், ஒரு பக்கத்துக்கு எழுதினால் மூடிவிடுவோம், உண்மை அதுதான்.

இரவுஷிப்ட்_திருச்சி:
இப்படி எழுதியிருக்கிறேன், பாருங்கள்:
"உடல் பரிசோதனைப் பகுதியில் நிஸ்டாக்மஸ் + எனப் பதிவாகியுள்ளது. மதிப்பீட்டில் வெர்டிகோ மட்டும் உள்ளது. நிஸ்டாக்மஸின் மருத்துவ முக்கியத்துவத்தையும், பொருந்துமானால் அதன் வகையையும் காரணத்தையும் தயவுசெய்து தெளிவுபடுத்தவும். வெர்டிகோவுக்கான காரணம் தெரிந்திருந்தால் அதையும் குறிப்பிடவும். மருத்துவ முக்கியத்துவம் இல்லை / தீர்மானிக்க இயலவில்லை / பிற (குறிப்பிடவும்)."

தணிக்கை_அக்கா:
நன்றாக இருக்கிறது. "தயவுசெய்து தெளிவுபடுத்தவும்" என்பதற்கு முன்னால் சேவைத் தேதியைச் சேருங்கள், அந்த நோயாளிக்கு அதே மாதத்தில் இரண்டு விசிட் இருந்தால் எதற்கு என்று டாக்டருக்குத் தெரியாது. பதில் வரும்வரை சார்ட்டை ஹோல்டில் வையுங்கள். வராவிட்டால் ஆர்42 மட்டும் போட்டு அனுப்புங்கள்.